மலேரியா ஊருக்குப் போகாத பயணி: டர்பனில் பார்த்த ஒரு லைம் நரம்பு நோய்

டர்பனில் நரம்பியல் பார்க்கிறவர்களுக்கு, உண்ணி கடித்துத் தொற்றுகிற பாக்டீரியா நோயான லைம் பெரும்பாலும் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுகிற வியாதி. அதைப் பரப்புகிற உண்ணி இனங்கள் இங்கே இல்லை. தென் ஆப்பிரிக்காவில் அந்த நோய் நிலைகொண்டிருப்பதற்குச் சான்றும் இல்லை. இங்கே உண்ணி என்றதும் நினைவுக்கு வருவது டிக் பைட் ஃபீவர்தான். குரூகர் பூங்காவுக்கோ பண்ணைப் பக்கமோ போய்வந்த ஒரு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, காலில் எங்காவது கறுத்த பொருக்கு என்று வரும்; குடும்ப டாக்டர் பார்த்ததும் சொல்லிவிடுவார். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று வருவது ஸ்க்ரப் டைபஸ், அது இன்னொன்று. இங்கே எழுதப்போவது இரண்டுமில்லை. ஐரோப்பாவில் தொற்றி, டர்பனில் வந்து வெளிப்பட்ட நரம்பு நோய்.

நோயாளியின் அடையாளம் தெரியாதபடி வயது, ஊர் போன்றவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.

வலி வந்த விதம்

62 வயது அம்மா. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வீடு. துணித் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 14 வருடமாகச் சர்க்கரை வியாதி; மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.1 சதவீதம். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. வேறு பெரிய வியாதி எதுவும் இல்லை.

ஆகஸ்ட் நடுவில் முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் கீழே வலி தொடங்கியது. இரண்டு மூன்று நாளில் வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டு மேல் வயிறுவரை வந்தது. பகலில் ஒரு மாதிரி தாங்கிக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடியும்வரை விடாது. “ஒட்டியாணத்தைப் போட்டு யாரோ இறுக்குற மாதிரி இருக்கு தம்பி. அதுக்குள்ள நெருப்பு வெச்ச மாதிரி எரியுது. நைட்டி பட்டாக்கூட ஆகல” என்றார். படுத்தால் வலி கூடுகிறது என்று வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பல இரவுகள் தூங்கியிருக்கிறார்.

அந்த மாதம் ஆடிக் கூழ் ஊற்றும் மாதம். கோவிலில் பெரிய பெரிய அண்டாக்களைத் தூக்கி இறக்கியவர் என்பதால், முதலில் தசைப்பிடிப்பு என்று டைக்ளோஃபினாக் கொடுத்தார்கள். கேட்கவில்லை. வலி வலது மேல் வயிற்றில் இருக்கிறதே என்று ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் ஒரு கல் இருந்தது! அறுவை சிகிச்சைக்கு வரிசையில் பெயர் எழுதியாயிற்று. இடையில் ஓர் இரவு நெஞ்சுவரை இறுக்கம் ஏறியதால் அவசரப் பிரிவுக்குப் போனார்; ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தன. அடுத்து ஒரு டாக்டர், தோலில் கொப்புளம் வராமலே அக்கி வரலாம் என்று அசைக்ளோவிரும் அமிட்ரிப்டிலினும் எழுதினார். இன்னொருவர், சர்க்கரையால் நெஞ்சுப்பகுதி நரம்பு வேர் (தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடம்) கெட்டிருக்கலாம் என்றார். அவர் சொன்னதும் நல்ல ஊகமே. அந்த வலியும் இரவில் கூடும், ஒரு பக்கமாக வளைத்துப் பிடிக்கும், வயிற்றுத் தசையைக்கூடத் தளர்த்தும்.

செப்டம்பர் இரண்டாவது வாரம், காலையில் டீ குடிக்கும்போது வலது வாயோரம் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகம் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பெல்ஸ் பால்ஸி என்று பிரெட்னிசோன் கொடுத்தார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. காரணம் தெரியாத முகவாதத்துக்கு 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு கொடுப்பது உலகம் முழுக்க நடைமுறை. ஆனால் சர்க்கரை 19 மில்லிமோலுக்கு ஏறியது. ஐந்தாம் நாள் முகம் நேராகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

உண்மையில் முகம் நேரானது இடது பக்கமும் செயலிழந்ததால்.

இது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் கோணல் தெரியும். இரண்டு பக்கமும் விழுந்தால் கோணல் போய்விடும். அந்த அம்மாவின் தங்கச்சி என்னிடம் சொன்ன புகாரே வேறு: “அக்கா இப்பல்லாம் யாருக்கும் முகம் குடுத்துப் பேசுறதில்ல டாக்டர். பேரப்பிள்ளை வீடியோல வந்தாக்கூட சிரிக்க மாட்டேங்குது. மனசு விட்டுப்போச்சுன்னு நினைக்கிறோம்.” மனச்சோர்வுக்கு மாத்திரை கேட்டுத்தான் அழைத்து வந்திருந்தார்கள்.

வார்டில் பார்த்தது

காய்ச்சல் இல்லை. கழுத்து விறைப்பு இல்லை. தலைவலி லேசாக இருந்தது, கேட்டால்தான் சொன்னார். கண்ணை மூடச் சொன்னால் இரண்டு இமைகளும் பாதியில் நின்றன. கருவிழி மேலே உருண்டு வெள்ளை மட்டும் தெரிந்தது. கன்னத்தை உப்ப முடியவில்லை. நெற்றி சுருங்கவில்லை. ‘பம்பரம்’ என்று சொல்லச் சொன்னேன். ‘ப’வும் ‘ம’வும் உதட்டில் நிற்காமல் ‘வ’ ஆகி வழுக்கின. மூளை, முகநரம்புக்கு மேலே பழுதாகியிருந்தால் நெற்றி தப்பித்துவிடும். இங்கே நெற்றியும் சேர்ந்து போனதால், பழுது நரம்பிலேயே இருந்தது.

வயிற்றில் வலது பக்கம், விலா எலும்பின் அடியிலிருந்து தொப்புள் மட்டம்வரை ஒரு பட்டையில் பஞ்சு பட்டாலே சுளித்தார். படுத்தபடி தலையைத் தூக்கச் சொன்னால் அந்தப் பக்கத்து வயிறு மட்டும் வெளியே தள்ளியது. அதைத்தான் ஹெர்னியா என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தார்கள். கணுக்கால் அனிச்சை இரண்டு பக்கமும் இல்லை. அது பழைய சர்க்கரைக் கணக்கு. வலது முழங்கால் அனிச்சை குறைந்திருந்தது, அது புதிது.

ஆக, ஒவ்வொரு குறைக்கும் ஒரு கௌரவமான காரணம் ஏற்கெனவே கிடைத்திருந்தது. வயிற்று வலிக்குக் கல், வளைத்துப் பிடிக்கும் வலிக்குச் சர்க்கரை, முகத்துக்குப் பெல்ஸ் பால்ஸி, சிரிக்காததற்கு மனச்சோர்வு. சிக்கலே அதுதான். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே தப்பில்லை. முகநரம்புகள் இரண்டும், நெஞ்சுப்பகுதி வேர்களும், தொடைக்குப் போகிற வேரும் ஐந்து வாரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடுகின்றன என்று சேர்த்துப் பார்த்தால், நரம்பு வேர்கள் குளித்துக்கொண்டிருக்கிற தண்டுவட நீரில் ஏதோ இருக்கிறது என்று தோன்றும்.

டர்பன் இருக்கிற குவாசுலு-நடாலில் இந்த நிலையில் முதலில் வரிசைக்கு வருவது எச்.ஐ.வி. நாட்டிலேயே அதிகம் பேருக்கு அது இருக்கிற மாகாணம் இது. கிருமி உடலில் நுழைந்த புதிதில் முகவாதமும் மூளைச் சவ்வு அழற்சியும் வரக்கூடும்; 62 வயது விதவை அம்மா என்பதற்காகக் கேட்காமல் விடக்கூடாது. அடுத்தது காசநோய் மூளைக்காய்ச்சல். அப்புறம் சிபிலிஸ், சார்கோய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் வரும் நோய்), லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று), கியாங்-பரே (உடலின் தற்காப்பே நரம்புகளைத் தாக்கும் நோய்).

எம்.ஆர்.ஐ.யில் மூளை சுத்தம். சாயம் ஏற்றியதும் இரண்டு முகநரம்புகளும் நெஞ்சுப்பகுதியில் சில வேர்களும் ஒளிர்ந்தன. தண்டுவட நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 168 வெள்ளணுக்கள், ஏறக்குறைய எல்லாமே லிம்போசைட் என்ற வகை. நடுவில், ஆன்டிபாடி தயாரிக்கிற பிளாஸ்மா செல்களும் இருப்பதாக ஆய்வகம் குறிப்பு எழுதியிருந்தது. புரதம் லிட்டருக்கு 1.9 கிராம், அதாவது வழக்கத்தைப்போல நாலு மடங்கு. குளுக்கோஸ் 4.9 மில்லிமோல், அப்போது இரத்தத்தில் 10.2, விகிதம் கொஞ்சம் குறைவு என்றாலும் பயப்படும்படி இல்லை.

இந்த எண்கள் வரிசையைப் பாதியாகக் குறைத்துவிட்டன. கியாங்-பரேயில் புரதம் ஏறும், அணுக்கள் ஏறாது. சர்க்கரை நரம்பு நோயிலும் இத்தனை அணுக்கள் வராது. காசநோயில் பெரும்பாலும் குளுக்கோஸ் நன்றாகவே இறங்கும். ஜீன் எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனையிலும் காசக் கிருமி அகப்படவில்லை. எச்.ஐ.வி. ஆன்டிபாடி இல்லை, வைரஸ் அளவும் இல்லை. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை இல்லை, சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். இல்லை. செல்களில் புற்றுக்கான அடையாளம் இல்லை. மார்பு ஸ்கேனில் சார்கோய்டோசிஸ் இல்லை.

எந்தெந்த ஊரில் தூங்கினீர்கள்?

பழைய சீட்டுகள் மூன்றில் ‘பயணம்: இல்லை’ என்று எழுதியிருந்தது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. இங்கே அவசரப் பிரிவில் பயணம் பற்றிக் கேட்பதே மலேரியாவுக்காகத்தான். மொசாம்பிக் போனீர்களா, லிம்போபோ போனீர்களா, குரூகர் போனீர்களா? எங்கும் போகவில்லை என்றார். போகவும் இல்லை.

எங்கள் வார்டில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிற பழக்கம் உண்டு: “அம்மா, இந்த ஆறு மாசத்துல உங்க வீட்டைத் தவிர வேற எங்க எங்க தூங்குனீங்க?”

“மக வீட்ல பத்து வாரம் இருந்தேனே தம்பி. பிரசவத்துக்குப் போனேன்” என்றார். மகள் வீடு ஜெர்மனியில், ஃப்ரைபுர்க் பக்கம். மே கடைசியில் போய், ஆடிக் கூழுக்கு ஊர் வந்து சேர வேண்டும் என்று ஆகஸ்ட் முதல் வாரம் திரும்பியிருக்கிறார்.

கேக்கின் பெயரால் நமக்கெல்லாம் தெரிந்த பிளாக் ஃபாரஸ்ட் மலைக்காடு அந்த ஊரை ஒட்டித்தான் தொடங்குகிறது. ஜூலை ஆரம்பத்தில் மருமகனோடு காட்டு ப்ளூபெர்ரி பறிக்கப் போயிருக்கிறார். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு புதருக்குள் குனிந்து பறித்ததாகச் சொன்னார். உண்ணி எதையும் பார்க்கவில்லை. பார்க்காததில் ஆச்சரியமும் இல்லை. பெரும்பாலும் இந்த நோயைக் கொடுப்பது முழு வளர்ச்சியடையாத நிம்ஃப் நிலை உண்ணி; ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. கடிக்கும்போது வலியும் இருக்காது. லைம் நோயாளிகளில் பலருக்குக் கடி நினைவில் இருப்பதில்லை.

“தோல்ல ஏதாவது வந்துச்சா?” என்று கேட்டதற்கு உடனே பதில் வந்தது. “படர்தாமரை வந்துச்சு. இடது முழங்காலுக்குப் பின்னாடி. மக மருந்துக்கடையில களிம்பு வாங்கித் தந்துச்சு. ரெண்டு மூணு வாரத்துல போயிடுச்சு.” கையை விரித்து அளவு காட்டினார். உள்ளங்கையைவிடப் பெரிது. அரிப்பு அதிகம் இல்லை, செதில் உதிரவில்லை, நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போனது. படர்தாமரை அரிக்கும், ஓரத்தில் செதில் உரியும். இது எரிதீமா மைக்ரன்ஸ், லைம் நோயின் முதல் அடையாளம். கடித்து 3 முதல் 30 நாளுக்குள் வரும். மருந்து எதுவும் போடாவிட்டாலும் சில வாரங்களில் தானாகவே மங்கிவிடும். அதனால்தான் பூஞ்சைக் களிம்புக்கு நல்ல பெயர் கிடைத்தது.

இங்கே நம் தோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் அச்சாகும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை: ரோஜா நிற வட்டம், நடுவில் வெளிறல், மறுபடி ஒரு புள்ளி. கறுத்த, மாநிறத் தோலில் அந்த ரோஜா நிறம் தெரியாது. பழுப்பாகவோ ஊதாவாகவோ, கன்றிப்போன அடி போலவோதான் இருக்கும். வட்டத்துக்குள் வட்டம் இல்லாமல் ஒரே நிறமாக விரிவதும் சகஜம். முதல் கட்டத்தில் தப்பவிட்டால், நோய் மூட்டுக்கோ நரம்புக்கோ போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். இந்த அம்மாவின் மகள் படித்தவர். பார்த்தார், ஜெர்மன் இணையப் படங்களோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார். “அந்தப் படத்துல இருந்த மாதிரி இல்லவே இல்ல டாக்டர்” என்று வீடியோ அழைப்பில் சொன்னார். அவர் சொன்னது சரி.

ஜூலை ஆரம்பம் கடி, ஜூலை நடுவில் தோல் வட்டம், ஆகஸ்ட் நடுவில் வேர் வலி, செப்டம்பரில் முகம். ஐரோப்பிய லைம் நரம்பு நோயின் கால அட்டவணை ஏறத்தாழ இதேதான். எந்தப் பரிசோதனையும் வருவதற்கு முன்பே, ஊரும் தேதியும் சேர்ந்து நோயைப் பாதிக்குமேல் சொல்லிவிட்டன.

நரம்புக்குள் நடப்பது

கிருமியின் பெயர் பொரெலியா. திருகாணி வடிவ பாக்டீரியா, சிபிலிஸ் கிருமிக்குத் தூரத்து உறவு. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்ற ஊரில் 1970-களின் நடுவில் குழந்தைகளுக்குக் கூட்டமாக மூட்டு வீக்கம் வந்ததால் அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலில் கிருமியைக் கண்டதை 1982-ல் வெளியிட்டார். ஆனால் நரம்பு நோயின் கதை அதைவிடப் பழையது, அதுவும் ஐரோப்பாவின் கதை. 1922-லேயே பிரான்சின் லியோனில் காரன், புஜாடூ என்ற இரண்டு டாக்டர்கள் உண்ணிக் கடிக்குப் பிறகு தோல் சிவப்பும், கடும் வலியும், தசைப் பலவீனமும் வந்த ஒருவரைப் பற்றி எழுதினார்கள். 1941-ல் ஜெர்மனியின் பான்வார்ட் வேர் வலி, முகவாதம், தண்டுவட நீரில் லிம்போசைட் மூன்றையும் ஒன்றாகக் கட்டினார். எங்கள் அம்மாவுக்கு இருந்தது அச்சு அசல் பான்வார்ட் கூட்டுக்குறி.

அமெரிக்காவில் பர்க்டார்ஃபெரி இனம்தான் முக்கியம். அதற்கு மூட்டு பிடிக்கும். ஐரோப்பாவில் அஃப்செலி இனம் தோலையும், காரினி இனம் நரம்பையும் விரும்புகின்றன. அமெரிக்க நோயாளிகளைப் பற்றி மட்டும் படித்தவர் முழங்கால் வீக்கத்தைத் தேடுவார். ஃப்ரைபுர்க்கிலிருந்து வந்தவருக்கு முதுகு வலியைத் தேட வேண்டும்.

உண்ணி இரத்தம் குடிக்கத் தொடங்கியதும் அதன் குடலிலிருக்கும் கிருமி தன் மேற்பரப்புப் புரதத்தை மாற்றிக்கொண்டு எச்சில் சுரப்பிக்கு வருகிறது. இதற்கு நேரம் பிடிக்கும் என்பதால்தான் உண்ணியைச் சீக்கிரம் பிடுங்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். தோலில் இறங்கியது இரத்தம் வழியாகவோ, நரம்புகளை ஒட்டியோ நரம்பு வேர்களை அடைகிறது. அங்கே போன பிறகு கிருமி எண்ணிக்கையில் பெருகிக் குவிவதில்லை. தண்டுவட நீரில் அதைப் பி.சி.ஆர். மூலம் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. ஆனால் அதைக் கண்ட நம் தற்காப்பு செல்கள் சி.எக்ஸ்.சி.எல்.13 என்ற அழைப்புப் பொருளைக் கொட்டுகின்றன. அதை மோப்பம் பிடித்து பி-லிம்போசைட்டுகள் படையெடுக்கின்றன. ஆய்வகம் பார்த்த பிளாஸ்மா செல்கள் இப்படி வந்தவைதான். வேர்களைச் சுற்றியும், அவற்றுக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு நாளங்களைச் சுற்றியும் அழற்சி படிகிறது, நரம்பிழை கெடுகிறது. முகநரம்பு எலும்புக் குழாய்க்குள் நெருக்கிக்கொண்டு போவதால் வீக்கத்தை அதுதான் முதலில் தாங்காது என்பது பொதுவான விளக்கம். மூளைக்குள்ளேயே, தண்டுவடத்துக்குள்ளேயே அழற்சி போவதும் உண்டு: நடை தடுமாற்றம், கால் விறைப்பு, சிறுநீர்க் கோளாறு. அது மிக அரிது.

அந்த பி-செல்கள் தண்டுவட நீருக்குள்ளேயே ஆன்டிபாடி தயாரிக்கின்றன. நோயை உறுதி செய்ய இதைத்தான் பயன்படுத்துகிறோம். இரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பது என்றோ ஒரு நாள் கிருமி வந்ததை மட்டும் சொல்லும். ஒரே நாளில் இரத்தத்தையும் தண்டுவட நீரையும் எடுத்து, பொரெலியா ஆன்டிபாடி இரண்டிலும் எந்த விகிதத்தில் இருக்கிறது, மொத்த ஆன்டிபாடி எந்த விகிதத்தில் இருக்கிறது என்று வகுத்துப் பார்த்தால், நீருக்குள் தனியாக உற்பத்தி நடக்கிறதா என்று தெரியும். 1.5-க்கு மேல் போனால் நடக்கிறது என்று பல ஆய்வகங்கள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டு மாதிரிகளையும் ஐரோப்பாவிலுள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இந்த அம்மாவின் எண் 7.4. அதே காடுகளில் உண்ணி பரப்புகிற எஃப்.எஸ்.எம்.ஈ. என்ற மூளைக்காய்ச்சல் வைரஸுக்கும் பார்க்கச் சொல்லியிருந்தோம். அது இல்லை.

சிகிச்சை

முடிவு வரக் காத்திருக்கவில்லை. அன்றைக்கே செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் 2 கிராம், நாளுக்கு ஒரு முறை இரத்தநாளத்தில் ஏற்றும் ஊசியாகத் தொடங்கினோம். பிரெட்னிசோனை நிறுத்தினோம். லைம் முகவாதத்தில் ஸ்டீராய்டு உதவுகிறது என்று காட்ட நல்ல ஆய்வு இல்லை. சில பழைய பதிவுகளைத் திரும்பிப் பார்த்ததில் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் முகம் குறைவாகத்தான் தேறியிருந்தது. 2020-ல் வந்த அமெரிக்க வழிகாட்டி இந்தப் பக்கமும் சொல்லவில்லை, அந்தப் பக்கமும் சொல்லவில்லை. 19-ல் நிற்கிற சர்க்கரை என் சார்பில் முடிவெடுத்துவிட்டது.

வார்டில் எல்லோரும் மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பயம் கண்ணைப் பற்றித்தான். இரண்டு கண்ணும் மூடாத ஒருவருக்கு இரண்டே நாளில் கருவிழி புண்ணாகலாம். பகலில் மணிக்கொரு சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டுவது. தங்கச்சிதான் அதைக் கற்றுக்கொண்டு கடைசிவரை செய்தார்.

நாலாம் இரவு அந்த அம்மா படுத்துத் தூங்கினார். வாரக்கணக்கில் எந்த வலி மாத்திரைக்கும் அசையாத வலி, ஆன்டிபயாடிக் ஆரம்பித்த சில நாளில் இப்படி இறங்குவது இந்த நோய்க்கே உரிய குணம்.

ஒரு வாரம் கழித்து, எம்.ஆர்.ஐ.யில் மூளைக்குள் எதுவும் இல்லை, காசநோய்ச் சந்தேகமும் தீர்ந்தது என்றானதும், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பினோம். காலை 100, இரவு 100 மில்லிகிராம், எல்லாம் சேர்த்து 21 நாள். ஊசியில் ஏறும் மருந்துதான் பலம் என்று வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. நரம்பு வேர், முகநரம்பு, சவ்வு அளவில் நிற்கிற நோய்க்கு மாத்திரை போதும். நார்வேயில் செய்து 2008-ல் வெளியான ஆய்வில் 14 நாள் வாய்வழி டாக்ஸிசைக்ளினும் 14 நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் ஒரே அளவு பலன் தந்தன. மூளை, தண்டுவடத் திசு பாதிக்கப்பட்டிருந்தால்தான் ஊசியை விடக்கூடாது. மாத்திரையை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு சேர்க்கக்கூடாது. டர்பன் வெயிலில் தொப்பி இல்லாமல் நின்றால் தோல் பொரிந்துவிடும்.

ஆறு வாரத்தில் இடது முகம் முழுக்கத் திரும்பியது. வலது முகம் மெதுவாக வந்தது. இன்றும் சிரித்தால் வலது கண் தானாகச் சின்னதாகிறது. நரம்பிழை திரும்ப வளரும்போது வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்கும் போய்விட்டதன் விளைவு அது. வயிற்றுப் புடைப்பு நாலு மாதத்தில் உள்ளே போனது. பித்தப்பைக் கல் இருந்த இடத்தில் இருக்கிறது. தொந்தரவு தராததால் வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

ஆன்டிபாடியைத் திரும்பப் பார்க்கவில்லை. குணமான பிறகும் அது வருடக்கணக்கில் இருக்கும். பார்த்தால் வீண் கலவரம். மகள் கேட்டார், ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஆன்டிபயாடிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களே என்று. சோர்வும் உடல் வலியும் சிலருக்குச் சிகிச்சைக்குப் பிறகும் மாதக்கணக்கில் நீடிப்பது உண்மை, அது கற்பனை அல்ல. ஆனால் அதற்கு மேலும் மேலும் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பயன் இல்லை. நெதர்லாந்தில் செய்து 2016-ல் வெளியான ஆய்வில் கூடுதலாக 12 வாரம் மருந்து எடுத்தவர்களும் மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள்.

அப்புறம் வந்தவர்கள்

இந்தக் கதை கோவில் வழியாகப் பரவியது. அடுத்த சில மாதங்களில் முதுகு வலி, கை மரத்துப்போதல், தூக்கமின்மை என்று பலர் ‘அந்த உண்ணி டெஸ்ட்’ கேட்டு வந்தார்கள். தங்கச்சியே ஒரு தனியார் ஆய்வகச் சீட்டோடு வந்தார்: பொரெலியா ஐ.ஜி.எம். (தொற்றின் தொடக்கத்தில் வரும் ஆன்டிபாடி) பாசிட்டிவ், ஐ.ஜி.ஜி. (பிறகு வந்து நீடிக்கும் ஆன்டிபாடி) நெகட்டிவ். இரண்டு வருடமாக முழங்கால் வலி. தென் ஆப்பிரிக்காவை விட்டு அவர் வெளியே போனதே கிடையாது.

அவருக்கு லைம் இல்லை. ஐ.ஜி.எம். சோதனை வேறு வைரஸ் தொற்றுகளுக்கும், முடக்குவாதக் காரணிகளுக்கும் ஏமாந்து ஆமாம் சொல்லும். உண்மையான தொற்றாக இருந்தால் இரண்டு வருடத்தில் ஐ.ஜி.ஜி. வந்திருக்கும். நோய் இல்லாத ஊரில் இந்தச் சோதனையைச் செய்தால், வருகிற பாசிட்டிவ்களில் பெரும்பாலானவை பொய்யாகத்தான் இருக்கும். சோதனை எவ்வளவு நல்லது என்பது அதை மாற்றாது. லைமைப் பரப்புகிற இக்சோடிஸ் என்ற அதே பேரினத்து உண்ணி ஒன்று தென் ஆப்பிரிக்காவின் வறண்ட கரூ பகுதியில் உண்டு, ஆட்டுக்குப் பக்கவாதம் கொடுக்கும். ஆனால் அது எச்சில் நஞ்சால் வருவது, லைம் அல்ல. தங்கச்சியின் முழங்காலில் இருந்தது தேய்மானம். உடற்பயிற்சி நிபுணரிடம் அனுப்பினோம்.

அக்காவுக்கும் தங்கச்சிக்கும் இடையில் ஆய்வகச் சீட்டைவிட கடவுச்சீட்டுதான் அதிகம் சொன்னது. ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவின் வடகிழக்கிலோ கோடையில் தங்கிவந்த ஒருவருக்கு, இரண்டு மூன்று மாதத்துக்குள் இரவில் கொல்லும் வேர் வலியோ முகவாதமோ வந்தால் தண்டுவட நீரை எடுத்துப் பார்க்கலாம். இரண்டு பக்க முகவாதம் என்றால் எடுத்தே ஆக வேண்டும். எங்கும் போகாதவருக்கு லைம் சோதனை எழுதாமல் இருப்பதே அவருக்குச் செய்கிற உதவி.

அந்த அம்மா வரும் ஜூனில் மறுபடி மகள் வீட்டுக்குப் போகிறார். ஒரு முறை வந்ததால் இனி வராது என்று நினைத்திருந்தார்; லைம் அப்படி விட்டுவிடாது, எத்தனை முறையும் வரலாம். எஃப்.எஸ்.எம்.ஈ.க்கு ஜெர்மனியில் தடுப்பூசி இருக்கிறது, போய் இறங்கியதும் மகளோடு போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன். லைமுக்கு அது உதவாது. காட்டுக்குப் போனால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போக வேண்டும், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் மகளை விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். உண்ணி இருந்தால் எண்ணெய் தடவாமல், தீயால் சுடாமல், நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தேதியைக் குறித்துவைத்து, ஒரு மாதம் அந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப ப்ளூபெர்ரிய கடைலயே வாங்கிக்கிறேன் தம்பி” என்றார்.